லட்சத்து மூன்றின் வீட்டில் மிஞ்சிய உருண்டை

பல வருடங்களாக நம்பாமலே வைத்திருந்த கதை இது. கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வுபெற்ற தேவசகாயம் சார் சொன்னது. எண்ணுக்கு ஏக்கம் வருமா என்ன? வராது என்றுதான் தோன்றியது. ஆனாலும் கதை மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் எண்கள் பேசின. ஒரே தெருவில் வரிசையாகக் குடியிருந்தன. வீட்டுக்காரரின் பெயர் எவ்வளவோ அவ்வளவு எள்ளுருண்டைகள் அவர் வீட்டில் இருக்கும். ஒன்று குறைந்தாலும் அவர் அவராக இருக்கமாட்டார். வருகிற விருந்தாளி ஒரு தட்டுக்குத் தன் பெயர் அளவு உருண்டைகள் வைத்துத் தட்டுத் தட்டாக அடுக்குவார். மிச்சமில்லாமல் தீர்ந்தால் உறவு, தங்கலாம். மிஞ்சினால் கிளம்ப வேண்டியதுதான்.

லட்சத்தின் வீட்டில் இரண்டும் ஐந்தும் பத்தும் எப்போதும் கும்மாளம். லட்சத்து இரண்டின் வீட்டில் மூன்றும் ஏழும்கூட உண்டு. அதற்கு அடுத்த வீட்டில் லட்சத்து மூன்று தனியாக இருந்தான். ஒன்று மட்டும் வந்துபோவான். ஒன்று எல்லார் வீட்டுக்கும் போகிறவன். அவன் வந்ததை யாரும் வரவாக நினைப்பதில்லை.

"என்னப்பா, இன்னைக்காவது உன் வீட்டுல பேச்சுச் சத்தம் கேக்குமா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து லட்சத்து இரண்டு சிரிப்பான்.

இரண்டு முதல் முந்நூற்றுப் பதினாறு வரை எல்லாரும் வந்து தோற்றுப் போனார்கள். அதற்கு மேற்பட்டவர் மிச்சமில்லாமல் அடுக்கினால் தட்டுகளின் எண்ணிக்கை முந்நூற்றுப் பதினாறுக்குள் அடங்கிவிடும்; அந்தச் சிறிய எண்ணும் உறவாகியிருக்க வேண்டும். சிறியவர்களில் இனி ஒருவரும் பாக்கியில்லை. லட்சத்து மூன்று கதவைச் சாத்தப்போனான்.

அப்போது ஏழு திரும்பி வந்தாள். மறுபடி அடுக்கினாள். மறுபடியும் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

"அதை வாயில போட்டுக்கோங்க. நான் பாக்கல," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் எடுத்தான். எள் வாசனை மூக்கில் ஏறியது. உதடுவரை கொண்டுபோனபோது பக்கத்து வீட்டுச் சிரிப்பு கேட்டது. கை நின்றது.

"இதைத் தின்னா நான் லட்சத்து ரெண்டு ஆயிடுவேன். நீ இருப்பே. நான் இருக்கமாட்டேனே, ஏழு."

அவள் சுவருக்கு அந்தப் பக்கம் கை காட்டினாள்.

"அவர் வீட்டுல எனக்கு எப்பவோ இடம் இருக்கு," என்றாள். "உங்க வீட்டுக்குன்னுதானே வந்தேன்."

அவன் உருண்டையைத் திரும்பத் தட்டில் வைத்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அன்று முதல்தான் ஏழு, லட்சத்து இரண்டின் வீட்டில் இருந்துவிட்டு அடுத்த வாசலைப் பார்க்காமலே கடந்து போகிறாள். அன்று முதல்தான் லட்சத்து மூன்று ஒன்றுக்கும் தனக்கும் தவிர வேறு எவருக்கும் பகுபடாத பகா எண்ணாக நிற்கிறான்.

போன மாதம் தேவசகாயம் சாரைப் பார்க்கப் போனபோது, அவர் வீட்டு மேஜையில் இரண்டு தம்ளர்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. இருப்பவர் அவர் ஒருவர்தான். இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டே விட்டேன்:

"சார், அந்த உருண்டையை அவன் யாருக்காக வச்சிருக்கான்?"