நுனி மறைத்த முடிச்சு

மலையணில் செவ்வாலனும் அவன் மனைவி கொன்றையும் தங்கள் குட்டியோடு பிழைப்புத் தேடி அந்தக் காட்டுக்கு வந்தார்கள். ஆற்றின் குறுக்கே தொங்கிய கொடிப்பாலத்தைப் பார்த்து அப்படியே நின்றார்கள்.

அப்பப்பா! எத்தனை கொடி, எத்தனை முடிச்சு! கீழே காட்டாறு பாறையை உருட்டிக்கொண்டு ஓடுகிறது. மேலே எலியும் குரங்கும் மரநாயும் சந்தைக்குப் போவதுபோல் போய்வருகின்றன.

"இது யாரு பாலம்?" என்று கேட்டான் செவ்வாலன்.

"எல்லாரோடதும்தான்!" என்றாள் மந்தி கருமுகி. யார் புதிதாக முடிச்சுப் போட்டாலும் இழுத்துப் பார்ப்பது அவள் வேலை. "நடக்கிறவங்க நடக்கலாம். கட்டத் தெரிஞ்சவங்க கட்டலாம். ஒண்ணே ஒண்ணு, முடிச்சோட நுனியை வெளியே விட்டுடணும். நாளைக்கு வேற ஒருத்தர் அவிழ்த்துக் கட்ட வேண்டியிருக்கும் இல்ல?"

செவ்வாலன் கெட்டிக்காரன். அது அவனுக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரியும். நடுப்பாலம் தொய்ந்திருப்பதை முதல் நடையிலேயே கண்டுபிடித்துவிட்டான். இரண்டு கொடிகளைச் சேர்த்து அழகாக ஒரு முடிச்சுப் போட்டான். தொய்வு போயே போயிற்று! ஆனால் நுனியை உள்ளே செருகி, மேலே வேங்கை மரத்துப் பிசினைப் பூசிவிட்டான்.

கருமுகி இழுத்துப் பார்த்தாள். "பிரமாதம், தம்பி! நுனி எங்கே?"

"அது என் வித்தை, அக்கா. வெளியே காட்டினா ஆளாளுக்குப் போட ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் என் பேரு என்ன ஆகும்?"

"அப்ப இதைச் சேர்க்க முடியாது!" பிசின் காய்வதற்குள் அவள் அதை அவிழ்த்துவிட்டாள்.

செவ்வாலனுக்குச் சுருக்கென்றது. மதியம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, அதே முடிச்சை மறுபடியும் போட்டான். பிசினை அள்ளிப் பூசி, யாரும் பார்க்காதபடி பாசியால் மூடினான். 'திறமையின் அருமை தெரியாத காடு!' என்று முணுமுணுத்துக்கொண்டான்.

சில நாளில் மலையில் பேய்மழை. ஆறு பொங்கியது. அக்கரையில் அவர்கள் கூடு கட்டியிருந்த மரம் சாய ஆரம்பித்தது. கொன்றை குட்டியை வாயில் கவ்விக்கொண்டு பாலத்தில் ஓடிவந்தாள். இக்கரையில் செவ்வாலன் தவித்துக்கொண்டு நின்றான்.

நனைந்த கொடிகள் ஊறிப் பருத்தன. மற்ற முடிச்சுகள் கொஞ்சம் இளகிக் கொடுத்தன. பிசின் பூசிய முடிச்சு மட்டும் இளகாமல் கொடியை அறுத்தது. நார் நாராகத் தெறித்தது! பாலம் ஒரு பக்கம் சரிய, கொன்றை நடுவில் தொங்கினாள்.

செவ்வாலன் பாய்ந்தான். பிராண்டினான், கடித்தான். நுனி அகப்படவில்லை. போட்ட முடிச்சை அவனாலேயே அவிழ்க்க முடியவில்லை!

"ஐயோ, என் குட்டியை நானே கொன்னுட்டேனே!" என்று அலறினான்.

"அதை விடு! பக்கத்துக் கொடியைப் பிடி!" என்று கத்திக்கொண்டே மற்றவர்களோடு ஓடிவந்தாள் கருமுகி.

தேவாங்கு ஒரு பழைய முடிச்சின் நுனியை இழுத்தது. சட்டென்று அவிழ்ந்தது. எலிகள் இன்னொன்றை இழுத்தன. மரநாய் வேறொன்றை. யார் கை வைத்தாலும் ஒரு நுனி தயாராக இருந்தது! அவிழ்ந்த கொடிகள் கைமாறின, மறுபடி முடிச்சாயின. அந்தக் கொட்டும் மழையில் பாலம் அவன் கண்ணெதிரே தன்னைத்தானே மாற்றிக்கொண்டது. சரிவு நின்றது. கொன்றை குட்டியோடு கரையேறினாள்.

செவ்வாலன் ஒரு பழைய நுனியைத் தொட்டுப் பார்த்தான். "இந்தப் பழைய முடிச்செல்லாம் யாரு போட்டது?"

"யாருக்குத் தெரியும்?" என்றது தேவாங்கு. "பாதிப் பேரு செத்தே போயிருப்பாங்க. நாங்க பார்த்ததுகூட இல்ல. நுனியை விட்டுட்டுப் போயிருக்காங்க."

முகம் தெரியாத யார் யாரோ தன் குட்டிக்குக் கை நீட்டியிருக்கிறார்கள்! செவ்வாலன் பாலத்தை நிமிர்ந்து பார்த்தான்.

மழை விட்டதும் கருமுகியிடம் உண்மையைச் சொன்னான். பிசினைச் சுரண்டி எடுத்தான். எல்லோரும் பார்க்க, நுனியை வெளியே விட்டு முடிச்சுப் போட்டான்.

"சேர்த்தாச்சு!" என்றாள் கருமுகி.

உடனே ஒரு சுண்டெலி வந்தது. நுனியை இழுத்து அவிழ்த்தது. ஒரு சுற்றுக் கூட்டிக் கட்டியது.

"ஏய், அது என்..." என்று ஆரம்பித்த செவ்வாலன், அதன்மேல் ஏறி மிதித்துப் பார்த்தான். அசையவே இல்லை!

"அடேயப்பா!" என்று சுண்டெலியின் பக்கத்தில் உட்கார்ந்தான். "இன்னொரு தடவை போட்டுக் காட்டு!"

பிறர் பிரித்துப் பார்த்துத் திருத்த இடம்விட்டுச் செய்த வேலையே, செய்தவர் போன பின்னும் ஊரைக் காக்கும்.