முயல் அளந்து வாங்கிய கண்ணாடி

ஆற்றங்கரைக் காட்டில் வெள்ளச்சி என்ற முயல் இருந்தாள். மருதமரப் பொந்தில் இருந்த கம்ப்யூட்டர்தான் அவள் பொறுப்பு. மலைமேல் ஆற்றில் எத்தனை அடி தண்ணீர் ஓடுகிறது என்று அதன் திரையில் எண் மாறிக்கொண்டே இருக்கும். எட்டு வந்தால் வெள்ளம் வரும் என்று அர்த்தம். உடனே வெள்ளச்சி கொம்பு ஊத வேண்டும். கரையில் வளை தோண்டிக் குடியிருக்கும் எலி, கீரி, முள்ளம்பன்றி எல்லாம் குட்டிகளோடு மேட்டுக்கு ஓட வேண்டும். வெள்ளச்சியின் மூன்று குட்டிகளும் அதே கரையில்தான் இருந்தன.

நாளெல்லாம் திரையைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் எரிந்தது, தலை வலித்தது. ஒரு நாள் மூன்று, எட்டாகத் தெரிந்துவிட்டது. ஊதிவிட்டாள் கொம்பை! கரையே மேட்டில் ஏறி நின்றது. ஒரு சொட்டு வெள்ளம் வரவில்லை.

“இன்னொரு தடவை இப்படி ஊதினா நாங்க ஏற மாட்டோம்!” என்று கீரி கத்தியது.

“என்னை மாதிரி கண்ணாடி போட்டுக்கோ முயலு!” என்றது வயதான கழுகு. “நான் ஆகாயத்துல இருந்தே எலிவாலைப் பார்க்கிறவன்!”

பெரியவர்கள் போடுவதையே சிறியவர்களும் வாங்குவது அந்தக் காட்டு வழக்கம். வெள்ளச்சியும் குரங்கின் கண்ணாடிக் கடைக்குப் போய்க் கழுகு போடும் கண்ணாடியையே கேட்டாள். குரங்கு அதை அவள் மூக்கில் மாட்டிவிட்டது.

“எதிர்க்கரைப் புளியமரத்துல காய் தெரியுதா?”

“ஒவ்வொண்ணும் தெரியுது அண்ணாச்சி!”

“அப்புறமென்ன, பிரமாதம்!”

பொந்துக்கு வந்து உட்கார்ந்தால் திரை முழுக்க மங்கல்! தாடையைத் தூக்கிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

“என் வேலை என்ன, புளியங்காய் எண்ணுறதா?” என்று அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு கோரைத்தண்டை எடுத்தாள். கண்ணுக்கும் திரைக்கும் நடுவே பிடித்து, சரியான அளவில் கடித்து நறுக்கினாள். நேரே கடைக்குப் போனாள்.

“அண்ணாச்சி, இந்தத் தண்டு தூரத்துல எழுத்து தெளிவா தெரியணும்.”

“கழுகு போட்டதையே வேண்டாங்கிறியா? காடே சிரிக்கும்!”

“சிரிக்கட்டுமே! கழுகு பறக்குது. நான் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன்!”

குரங்கு தலையைச் சொறிந்துகொண்டே ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்துக் கொடுத்தது. வெள்ளச்சி தண்டின் ஒரு முனையைக் கன்னத்தில் வைத்து, மறுமுனையில் ஓர் இலையைப் பிடித்துப் பார்த்தாள். ஐந்தாவது கண்ணாடியில் இலை நரம்பெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கனமில்லாதது, மூக்கில் வழுக்காதது.

“அய்யே, இதுல பகட்டே இல்லையே!” என்று கடைக்கு வந்திருந்த மயில் முகம் சுளித்தது.

“கண்ணு எரியலையே, அது போதும்!” என்று வெள்ளச்சி நடையைக் கட்டினாள். பொந்துக்கு வந்ததும், வெயில் பட்டுக் கூசாதபடி திரையையும் சற்றுத் திருப்பி வைத்தாள்.

ஐப்பசி பிறந்தது. ஒரு மத்தியானம் திரையில் ஐந்து, ஆறு என்று எண் ஏறியது. ஏழு வந்தது. எட்டு! வெள்ளச்சி கொம்பை ஊதினாள்.

“வானம் வெளுப்பா இருக்கு, வெள்ளமாவது ஒண்ணாவது!” என்று கழுகு மேலே வட்டமடித்தது.

கீரி நகரவில்லை. “நிச்சயமா எட்டா? போன தடவை மாதிரி மூணா?”

“எட்டுதான்! என் குட்டிகளும் மேட்டுக்கு ஓடுதுங்க. நின்னு பேசாம உன்னுதுகளைத் தூக்கு!”

அந்தக் குரலில் இருந்த உறுதியைக் கேட்டுக் கீரி ஓடியது. அதைப் பார்த்துக் கரையே ஓடியது. கடைசி எலி மேடேறிய கொஞ்ச நேரத்தில் செந்நிற வெள்ளம் இரைந்துகொண்டு வந்து எல்லா வளைகளையும் மூடியது. குட்டிகளை எண்ணிப் பார்த்தார்கள். ஒன்றுகூடக் குறையவில்லை!

“அது எங்கம்மா பார்த்த எட்டு!” என்று வெள்ளச்சியின் கடைக்குட்டி மயிலிடம் போய் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது. வெள்ளச்சிக்குக் காது இரண்டும் தானாக விறைத்து நின்றன.

அடுத்தவர் எடுப்பைப் பார்த்து வாங்காமல், தன் வேலையை அளந்து வாங்குகிறவரே தலைநிமிர்ந்து நிற்பார்.