மெயினை யார் கூப்பிடுகிறார்கள்?

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்தெட்டு.

கோயம்புத்தூரில் விசைத்தறிகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் நிறுவனம் அது. பெட்டிக்குள் மற்ற மென்பொருளுக்கெல்லாம் அடியில் ஓடும் கெர்னலை எழுதுவது பூங்கொடியின் குழு. இருபத்திரண்டு வருடம் இணையதளங்கள் எழுதிய சபாபதி, கெர்னல் கற்றே தீருவது என்று தானாகக் கேட்டு அந்தக் குழுவுக்கு வந்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் தேறாவிட்டால் பழைய பிரிவுக்குத் திரும்ப வேண்டும். அங்கே அவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தாயிற்று.

திங்களன்று பூங்கொடி ஒரு சின்ன சர்க்யூட் போர்டைக் கொடுத்தார். அதில் இருந்த ஒரே விளக்கை எரிய வைக்கச் சொன்னார். மதியத்துக்குள் எரிய வைத்துவிட்டார் சபாபதி. அத்தோடு சும்மா இருந்திருக்கலாம்.

"மேடம், நாம எழுதற புரோகிராம் எல்லாம் மெயின்னு பேர் வெச்ச பகுதியிலதான் ஆரம்பிக்குது. அந்த மெயினை யாருங்க கூப்பிடறாங்க?"

 பூங்கொடி அவருடைய லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, போர்டோடு வந்திருந்த, மெயினுக்கும் முன்னால் ஓடும் தொடக்கக் கோப்பை அழித்தார்.

"இப்ப எரிய வைங்க சார்."

எரியவில்லை. சபாபதி எழுதியதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனாலும் போர்டு செத்துக் கிடந்தது. மறுநாள் மாலை வரை போராடிவிட்டு, எங்கே தப்பு என்று ஒரு செய்திகூட வரவில்லையே என்று முறையிட்டார்.

"தப்புன்னு சொல்றதுக்கும் யாராவது எழுதி வெச்சிருக்கோணுமில்லீங்க?" என்றார் பூங்கொடி.

புதன்கிழமை சபாபதிக்கு இணையத்தில் அதே மாதிரி கோப்பு ஒன்று அகப்பட்டது. போட்டார், எரிந்தது. சிரித்துக்கொண்டே கூப்பிட்டுக் காட்டினார். பூங்கொடி நடுவில் ஒரு வரியைத் தொட்டு, இது என்ன செய்கிறது என்று கேட்டார். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றார் சபாபதி. அந்தக் கோப்பும் போயிற்று.

அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. தன்னைவிடப் பதினேழு வயது சின்னவள் இப்படிப் பாடாய்ப் படுத்துகிறாளே என்று மதியம் தனியாகப் போய்ச் சாப்பிட்டார். நானாக இருந்தால் வீட்டுக்கே போயிருப்பேன்.

வியாழனன்று, தொடவே பயந்திருந்த ஆயிரம் பக்கக் கையேட்டைத் திறந்தார். மின்சாரம் வந்ததும் அந்த சிப் செய்யும் முதல் வேலை இரண்டே இரண்டு எண்களைப் படிப்பதுதான் என்று நான்காம் அத்தியாயத்தில் இருந்தது. வேலைக்கு எந்த நினைவகத்தைப் பயன்படுத்துவது என்பது ஒன்று. முதலில் எங்கே போவது என்பது இன்னொன்று. டீ ஆறிப்போனதை அவர் கவனிக்கவில்லை. இரண்டு எண்களையும் தன் கையால் எழுதினார். பிறகு பதினோரு வரிகள். கடைசி வரி மெயினைக் கூப்பிட்டது.

வெள்ளி காலை விளக்கு எரிந்தது. ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி ஆறு தடவை பார்த்தார், ஆறு தடவையும் எரிந்தது. கண் கலங்கியதைத் துடைத்துக்கொண்டுதான் பூங்கொடியை அழைத்தார்.

பூங்கொடி ஒவ்வொரு வரியாகக் கேட்டார். சபாபதி ஒவ்வொன்றுக்கும் சொன்னார். முடிந்ததும் மனதில் இருந்ததையும் கேட்டுவிட்டார்.

"நான் கேட்ட அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலு நாள் மிச்சமாயிருக்குமேங்க?"

பூங்கொடி மேசை இழுப்பறையிலிருந்து உறை பிரிக்காத போர்டு ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இது நேத்துத்தான் வந்த சிப்புங்க சார். இதுக்கு இன்னும் ஒருத்தரும் ஒரு வரி எழுதலை. திங்கக்கிழமையிலிருந்து இது உங்களோடது. மெயினை நீங்கதான் கூப்பிடோணும்."