விலா தெரிந்த கீரி

குளக்கரையில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஆமை, உடும்பு, கீரி, முயல் என நான்கு பேர் சேர்ந்து அதைச் சுழற்றினார்கள். சக்கரம் என்று தனியாக ஒரு மரச்சாமான் கிடையாது. இந்த நால்வரும் ஒட்டி நின்றால் அதுதான் சக்கரம். விலகி நின்றால் வெறும் நாலு மிருகம்.

காடு, குளம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆப்ப மாவில் போடுகிற ஈஸ்ட் இருக்கிறதே, அதில் ஒரே ஒரு செல். அந்தச் செல்லுக்குள் இருந்த காடுதான் இது. படித்தவர்கள் அங்கே வாழ்பவர்களைப் புரதங்கள் என்பார்கள். நாம் கீரி என்றும் உடும்பு என்றும் பெயர் சொல்லியே கூப்பிடுவோம். அதுதான் மரியாதை.

அந்தக் காட்டில் எல்லோரும் சர்க்கரை தின்றார்கள். தின்னத் தின்ன காட்டில் புளிப்பு ஊறியது. அந்தப் புளிப்பை வாரி வாரிக் குளத்தில் தள்ளுவதுதான் சக்கரத்தின் வேலை. அது நின்றால் காடே புளித்துக் கெட்டுவிடும்.

ஆமை கரைச் சேற்றில் அச்சு மாதிரிப் பாதி புதைந்து கிடக்கும். அதன் ஓட்டைப் பிடித்தபடி உடும்பு நிற்கும். உடும்பின் தோளோடு கீரி. கீரியின் விலாவோடு முயல். முயலின் விலா மறுபடி ஆமையின் ஓட்டோடு. அந்தக் காட்டில் யாரைப் பார்த்தாலும் விலாவில் மயிரில்லாத, பிசுபிசுப்பான ஓர் இடம் இருக்கும். பக்கத்தில் நிற்பவரின் தோள் வந்து பொருந்துவதற்கான இடம் அது. பொருந்திவிட்டால் வெளியே தெரியாது.

தனியாகத் திரிந்தால் தெரியும். தெரிந்தால் ஆபத்துதான். ஏனென்றால் தனியாகத் திரிகிறவர்கள் கண்டதில் எல்லாம் ஒட்டிக்கொண்டு, கும்பலாகக் குவிந்து, வழியை அடைத்துவிடுவார்கள். அதனால் காட்டில் ஒரு சட்டம் இருந்தது. விலா தெரிகிறவர் முதுகில் மரங்கொத்தி சிவப்புப் புள்ளி வைக்கும். புள்ளி வைத்தவரைக் கழுதைப்புலிகளின் உரலில் போட்டு அரைத்துவிடுவார்கள். அந்த உரலும் சக்கரம் மாதிரிதான். கழுதைப்புலிகள் தோளோடு தோள் ஒட்டி வட்டமாக உட்கார்ந்தால் நடுவில் இருப்பது உரல்.

ஒரு நாள் யாரோ மாவுச் சட்டியை அடுப்புப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டார்கள். காட்டுக்குள் அனல் அடித்தது. அனல் வந்த பக்கம் நின்ற முயல்தான் அதை முதலில் வாங்கியது. "கீரி, கால் நிக்கல" என்றது. அவ்வளவுதான். கீரியின் மேலேயே சாய்ந்து, உருக்குலைந்து விழுந்தது.

சக்கரம் நின்றது. கீரி குனிந்து முயலைத் தூக்கப் பார்த்தது. தூக்குவதற்கு முயல் என்ற உருவமே மிச்சமில்லை. அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. தலைக்கு மேல் சிறகுச் சத்தம் கேட்டது.

"விலா தெரியுது" என்றது மரங்கொத்தி.

"என் முயல் இப்பத்தான் செத்துச்சு. அதான் தெரியுது."

"ஏன் தெரியுதுன்னு நான் கேட்டேனா? தெரியுதா, இல்லையா. அது மட்டும்தான் என் வேலை." சொல்லிக்கொண்டே கீரியின் முதுகில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகளை வைத்தது.

"நான் தனியாத் திரியறவ இல்ல. பக்கத்துல நின்னவன் போயிட்டான். ரெண்டும் ஒண்ணா?" என்றது கீரி.

சட்டத்தில் அந்தக் கேள்வியே இல்லை.

அனல் அடித்த நாள் அல்லவா? உரலுக்கு அன்று நல்ல வேட்டை. மூத்த கழுதைப்புலிக்கு ஆசை பொறுக்கவில்லை. புள்ளி விழுந்தவர்களை யாராவது கொண்டுவரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், உரலைவிட்டு எழுந்து தானே குளக்கரைக்கு வந்துவிட்டது.

"புள்ளி வச்சாச்சா? நட."

"வர மாட்டேன்" என்றது கீரி.

கழுதைப்புலி அப்படி ஒரு பதிலைக் கேட்டதே இல்லை. கீரியின் முன்னங்காலைக் கவ்வி இழுத்தது. கீரி நகரவில்லை. பின்னால் உடும்பு அதன் இடுப்பைப் பிடித்திருந்தது. உடும்புப் பிடி என்று சும்மாவா சொல்கிறார்கள்!

"உடும்பண்ணே, விட்டுருங்க. உங்களையும் சேத்து இழுத்துட்டுப் போயிருவான்" என்று கீரி முனகியது.

"எனக்குப் பிடிக்கத்தான் தெரியும். விடறது எப்படின்னு யாரும் சொல்லித் தரல" என்றது உடும்பு.

கழுதைப்புலி மூச்சைப் பிடித்து இழுத்தது. கீரி நகர்ந்தது. கீரியோடு உடும்பு நகர்ந்தது. உடும்பு பிடித்திருந்த ஆமை சேற்றிலிருந்து பளக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்தது. பிறந்ததிலிருந்து நின்ற இடத்தைவிட்டு அசையாத ஆமை அது.

"ஊர் சுத்திப் பாக்கணும்னு எனக்கும் ஆசைதான். இப்படி இல்ல" என்றது ஆமை. ஆனால் அதுவும் விடவில்லை.

ஒருவரைப் பிடித்து இழுத்தால் மூவர் வந்தார்கள். கழுதைப்புலிக்கு நாக்குத் தள்ளியது. பாதி வழியில் மூச்சு வாங்க நின்று, பிடியை மாற்ற உடம்பைத் திருப்பியது. அப்போது கீரியின் கண்ணில் ஒன்று பட்டது. கழுதைப்புலியின் இடது விலாவில் மயிரில்லாத, பிசுபிசுப்பான ஓர் இடம் பளிச்சென்று தெரிந்தது.

மரங்கொத்தி மேலேயே பறந்து வந்துகொண்டிருந்தது. கீரி தலையைத் தூக்கிக் கூப்பிட்டது. "மரங்கொத்தியாரே, விலா தெரிஞ்சா புள்ளி வைப்பீங்கல்ல?"

"வைப்பேன்."

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்."

"அப்ப கீழ வாங்க. ஐயாவோட இடது பக்கத்தைக் கொஞ்சம் பாருங்க."

மரங்கொத்தி வந்து பார்த்தது. தெரிந்தது. கழுதைப்புலி திரும்புவதற்குள் அதன் முதுகில் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது.

"அடேய், நான் யாருன்னு தெரியலையா? நான் ஒண்ணும் தனி ஆள் இல்ல. என் கூட்டம் அங்க உரல்ல உக்காந்திருக்கு!"

"என் கூட்டம் இங்க இருக்கு. என்னைப் பிடிச்சுட்டு நிக்குது. அதையேதான் நானும் அப்பலேர்ந்து சொல்றேன்" என்றது கீரி.

மரங்கொத்தி அடுத்த புள்ளிக்கு ஓங்கிய அலகை அப்படியே நிறுத்தியது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டது. "உங்க பக்கத்துல நிக்கிறவர் எங்க?"

"உரல்லதான், வேற எங்க? நான் இப்பப் போய் ஒட்டிக்குவேன்."

"இந்தக் கேள்விய ஏன் என்கிட்ட கேக்கல?" என்றது கீரி.

மரங்கொத்தி ஓங்கிய அலகைத் தாழ்த்தியது. கழுதைப்புலி கீரியின் காலை விட்டுவிட்டுப் புல்லில் விழுந்து புரண்டு முதுகைத் தேய்த்தது. புள்ளியோடு போய் உரலில் உட்கார முடியுமா? அதன் தம்பிகளுக்குச் சிவப்புதான் தெரியும், அண்ணன் தெரியாது. ஒற்றைப் புள்ளிதான், அழிந்துபோனது. உடனே திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

மூவரும் குளக்கரைக்குத் திரும்பினார்கள். ஆமையைப் பழைய குழியிலேயே மறுபடி நட்டார்கள். காடு அதற்குள் புளிக்க ஆரம்பித்திருந்தது. இலைகள் துவண்டன.

"இந்தப் புள்ளிகளைத் துடைங்க" என்றது கீரி.

மரங்கொத்தி தயங்கியது. "விலா இன்னும் தெரியுதே. நான் விட்டாலும் வேற ஒருத்தன் வந்து வைப்பான். அது மூடணும், கீரி."

யார் மூடுவது? உடும்பு இந்தப் பக்கம் வந்தால் ஆமையை யார் பிடிப்பது? அப்போது காட்டின் மறுகோடியிலிருந்து விந்தி விந்தி ஒரு முயல் வந்தது. செத்துப் போன முயலின் அண்ணன். அந்தக் கோடியில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. அதில் வேலை பார்த்தது. கால் கோணல். இது நம் சக்கரத்துக்கு ஆகாது என்று கீரியே ஒருமுறை கேலி பேசியிருக்கிறது.

"காத்துல புளிப்பு அடிச்சுது. தம்பிக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு தெரிஞ்சுது. அங்க என் தங்கச்சி நிக்கிறா, சமாளிச்சுக்குவா" என்றது அது. பிறகு கீரியின் விலாவைப் பார்த்தது. "அவன் நின்ன இடம் எனக்குப் பொருந்துமான்னு தெரியல. நின்னு பாக்கறேன்."

நின்றது. சரியாகப் பொருந்தவில்லை. இடுப்பெலும்பு குத்தியது. ஒரு விரல் இடைவெளி விழுந்தது.

முயல் விலகப் போனது.

"நீ போகாத. நான் நகர்ந்துக்கறேன்" என்றது கீரி. வலியைப் பொறுத்துக்கொண்டு உடம்பை வளைத்தது. இடைவெளி மூடியது. சக்கரம் கிறீச்சிட்டு, ஒரு உதறு உதறி, சுற்றத் தொடங்கியது. முன்பு போல மென்மையாக இல்லை. ஆனால் சுற்றியது. புளிப்பு குளத்துக்குள் இறங்கியது.

மரங்கொத்தி கீரியின் முதுகிலிருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தது. அதற்குப் பிறகு அந்தப் பறவை புள்ளி வைக்கும் முன் கொஞ்சம் நின்று கேட்க ஆரம்பித்தது. கழுதைப்புலிகளுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும்.

தனியாக நிற்பவர் மேல் குற்றம் சாட்டும் முன், அவர் பக்கத்தில் நின்றவருக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். கேட்ட பிறகு, முடிந்தால் அந்த இடத்தில் போய் நில்லுங்கள்.