இரண்டாவது தொப்பி

"வீடு கட்டி முடிஞ்சாச்சுன்னு கொத்தனார் சொல்லக் கூடாது. பணம் போட்டவனும் சொல்லக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியது..."

யாரோ வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பெரியப்பா இப்படிப் பேசியது சபாநடேசனுக்கு நினைவிருந்தது. யார் சொல்ல வேண்டும் என்பதுதான் மறந்துபோயிற்று. அந்த நேரம் பார்த்து ஜாங்கிரித் தட்டு வந்துவிட்டது. அப்போது அவருக்கு ஒன்பது வயது.

இப்போது ஐம்பத்தாறு. வீடு கட்டவில்லை. படகு வாங்கியிருந்தார்.

முப்பத்தாறு அடிப் பாய்மரப் படகு. பெயர் தில்லை. ராட்டர்டாம் துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் கிரேன்களைப் பழுதுபார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், அதைத் தூத்துக்குடியில் கட்டிப்போட்டு இரண்டு வருஷமாகச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். அவரும் மனைவி தையல்நாயகியும் மட்டும் மாலத்தீவு வரை பாய் விரித்துப் போவதாகத் திட்டம். வாடைக்காற்று ஓய்வதற்குள் கிளம்பியாக வேண்டும். மார்ச் பிறந்துவிட்டால் அடுத்த வருஷம்தான். போன வருஷமும் அப்படித்தான் நழுவிப்போனது.

படகுக்குள் அடுப்புக்கு மேலே ஒரு சின்னக் கரும்பலகை. அதில் 'பிப்ரவரி 9' என்று பெரிதாக எழுதியிருந்தார்.

படகு தயார் என்று செலஸ்தீனா ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

செலஸ்தீனாவுக்கு முப்பத்து நான்கு வயது. கொச்சியிலிருந்து பினாங்கு வரை அடுத்தவர் படகுகளை ஓட்டிப்போய் ஒப்படைத்துவிட்டு வருவது அவர் தொழில். தன் படகைச் சரிபார்க்க வந்த, தன்னைவிட இருபத்திரண்டு வயது இளையவரை சபாநடேசன் முதலில் விளையாட்டாகத்தான் "டீச்சர்" என்று கூப்பிட்டார். ஒரு மாதத்தில் அது விளையாட்டாக இல்லாமல் போனது.

படகு தயாரா என்று முதல் தடவை சபாநடேசன் கேட்டபோது செலஸ்தீனா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு படகின் அடிவயிற்றுக்குள் தவழ்ந்து போனார்.

"இந்தக் குழாய் வழியாத்தான கடல்தண்ணி உள்ள வருது? ஒரே ஒரு கிளிப் போட்டிருக்கீங்க. ரெண்டு போடுங்க. பக்கத்துலயே ஒரு மரக்கட்டை அடைப்பானைக் கட்டித் தொங்கவிடுங்க. குழாய் பிஞ்சுக்கிட்டா தேடிட்டுத் திரியக் கூடாது."

போட்டார். தொங்கவிட்டார்.

இரண்டாம் தடவை செலஸ்தீனா பாய்மரத்தின் உச்சிவரை ஏறினார். அங்கே ஒரு ஊசிமுனை நீட்டிக்கொண்டிருந்தது. பாயைக் கிழித்துவிடும், டேப் சுற்றுங்கள் என்றார்.

சுற்றினார்.

"இப்ப, டீச்சர்?"

"படகு நல்லா இருக்கு, அண்ணாச்சி."

"அப்ப கிளம்பலாம்?"

"படகு நல்லா இருக்குன்னுதான சொன்னேன்."

அன்று முழுக்க சபாநடேசன் அந்தப் பதிலையே மென்றுகொண்டிருந்தார். பிறகு இன்னொரு நங்கூரம் வாங்கினார். சாட்டிலைட் போன் வாங்கினார். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் வாங்கினார். ஒவ்வொன்றையும் செலஸ்தீனா தொட்டுப் பார்த்து, "நல்ல சாமான்" என்றார். கிளம்பலாம் என்று மட்டும் சொல்லவில்லை.

பிப்ரவரி ஆறாம் தேதி காலை செலஸ்தீனா தானாகவே வந்தார்.

"வெளிய ஒரு சுத்து போயிட்டு வருவோம். அக்காவும் வரட்டும்."

துறைமுகம் தாண்டியதும் காற்று பதமாக விழுந்தது. தில்லை ஒரு பக்கமாகச் சாய்ந்து சீராக ஓடியது. சபாநடேசன் சுக்கானைப் பிடித்தார், பாயை இறுக்கினார், திசை பார்த்தார். அவருக்கு எல்லாம் அத்துப்படி. தையல்நாயகி தேநீர் பிளாஸ்க்கோடு தன் வழக்கமான மூலையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கயிறு தளர்ந்து ஆடியபோது அதைப் பிடிக்க எழுந்தார்.

"நீ உட்காரும்மா, நான் பாத்துக்கறேன்."

தையல்நாயகி உட்கார்ந்தார்.

செலஸ்தீனா எழுந்து வந்து, சபாநடேசனின் தலையிலிருந்த ஓலைத்தொப்பியை எடுத்துக் கடலில் வீசினார்.

"டீச்சர்!"

"நீங்க விழுந்துட்டீங்க, அண்ணாச்சி. அதோ கிடக்கீங்க. அக்கா, அவரைப் போய்த் தூக்குங்க."

சபாநடேசன் சிரித்தார். "சரிதான். தையல், முதல்ல சுக்கானை..."

"யாரு பேசுறது?" செலஸ்தீனா சுற்றுமுற்றும் பார்த்தார். "அவரு அங்கல்லா கிடக்காரு."

தையல்நாயகி சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றார். படகு ஓடிக்கொண்டே இருந்தது. தொப்பி ஒரு தேங்காய் அளவுக்குச் சிறுத்தது.

"இன்ஜினைப் போடணுமா?"

"போடுங்க."

சுவிட்சுப் பலகையை சபாநடேசனே செய்திருந்தார். பார்ப்பவர்கள் மெச்சும்படி வரிசையாக லேபிள் ஒட்டியிருந்தார். க-1, க-2, க-3 என்று ஓடி, ங வரிசையில் முடியும். எது எதற்கு என்பது ஒரு நீல நோட்டில் இருந்தது.

தையல்நாயகி க-1ஐத் தட்டினார். தண்ணீர் மோட்டார் உறுமியது. க-3ஐத் தட்டினார். ஸ்பீக்கரில் ஒரு சினிமாப் பாட்டு குதூகலமாகத் தொடங்கியது.

"அந்த நோட்டு எங்கங்க இருக்கு?"

இழுப்பறைகளுக்கும் அதே மாதிரி எண்கள்; நோட்டு ங-2இல் இருந்தது. சபாநடேசன் வாயைத் திறந்தார். செலஸ்தீனா தலையை ஆட்டினார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

தையல்நாயகி குனிந்து இரண்டு இழுப்பறைகளைத் திறந்து மூடினார். நிமிர்ந்தபோது தொப்பியைக் காணவில்லை. எந்தப் பக்கம் பார்ப்பது என்றும் தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது.

சபாநடேசனுக்கு மட்டும் தொப்பி தெரிந்தது. அவர் கண்ணை எடுக்கவே இல்லை. ஓலை நனைந்து கறுத்து, ஒரு அலையில் இருந்தது, அடுத்த அலையில் இருந்தது, அதற்கடுத்த அலையில் இல்லை.

பாட்டு பாடிக்கொண்டே இருந்தது. செலஸ்தீனா அதை நிறுத்தினார்.

"எவ்வளவு நேரம், அக்கா?"

தையல்நாயகி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினோரு நிமிஷம்."

தையல்நாயகி கணவரைப் பார்த்தார், வெறும் தலையோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவரை. அப்புறம் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

"கீழ இவரோட இன்னொரு தொப்பி இருக்கு."

"அது என் நல்ல தொப்பி," என்றார் சபாநடேசன்.

"விழுந்தவர் பேசக் கூடாது," என்றார் தையல்நாயகி.

தொப்பியை எடுத்து வரும்போது ஒரு மார்க்கர் பேனாவையும் கொண்டுவந்தார். நீல நோட்டை செலஸ்தீனா தேடிக் கொடுத்தார். தையல்நாயகி அதைப் பார்த்துப் பார்த்து, க-2 லேபிளின் மேலேயே 'இன்ஜின். முதலில் இது' என்று எழுதினார். க-4இன் மேல், 'பிறகு இது'.

"எங்க ஆஸ்பத்திரி லேப்ல, ஒட்டினவருக்கு மட்டும் புரியற மாதிரி லேபிள் ஒட்டினா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க," என்றார். இருபது வருஷம் ரத்தப் பரிசோதனைக் குழல்களுக்குச் சீட்டு ஒட்டியவர் அவர்.

"நீங்க ஏன் இத்தனை நாள் சொல்லல, அக்கா?"

"இவர்தான் உட்காரச் சொல்லிடுவாரே."

சபாநடேசன் கடலைப் பார்த்தார்.

"ரெண்டே விஷயம், அக்கா," என்றார் செலஸ்தீனா. "படகை ஓடவிடாதீங்க. சட்டுனு திருப்பிக் காத்துக்கு நேரா மூக்கைக் காட்டுங்க, அது தானா நின்னுரும். கண்ணு தொப்பி மேலயே இருக்கட்டும். இன்ஜின் போடுறதுக்கு முந்தி மட்டும் தண்ணியில கயிறு எதுவும் தொங்குதான்னு ஒரு பார்வை. தொங்குனா அடியில இன்ஜின் விசிறியில சுத்திக்கிடும்."

"அது மூணு விஷயம்."

"மூணுதான்."

நல்ல தொப்பி பறந்து போய் விழுந்தது.

தையல்நாயகி மிதவையை எடுத்து அதன் பக்கமாக வீசினார். சுக்கானைச் சுழற்றினார். தில்லை திரும்பிப் பாய்கள் படபடவென அடித்துக்கொள்ள, தயங்கி நின்றது. ஒரு கையால் தொப்பியைச் சுட்டிக்காட்டியபடியே தண்ணீரில் தொங்கிய கயிற்றை மறு கையால் இழுத்துப் போட்டார். முதலில் இது. பிறகு இது. இன்ஜின் பிடித்துக்கொண்டது.

முதல் முறை வேகமாக வந்துவிட்டார். தொப்பி கையெட்டும் தூரத்தில் கடந்து போனது. சபாநடேசன் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

இரண்டாம் முறை காற்றை எதிர்த்து மெல்ல, மாட்டைத் தொட்டியருகே கொண்டுவருவது போலக் கொண்டுவந்து நிறுத்தினார். நீளக் கொக்கிக் கம்பால் தொப்பியைத் தூக்கினார். அது சொட்டச் சொட்ட வந்தது. வேறு இடமில்லாததால் அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஏழு நிமிஷம்," என்றார். சிரித்தார்.

"தொப்பியைத் தூக்கிட்டீங்க. அண்ணாச்சி எத்தனை கிலோ?"

"எண்பத்தாறு," என்றார் சபாநடேசன்.

"எண்பத்தொன்பது," என்றார் தையல்நாயகி.

பாய்களை இறக்கினார்கள். படகு சும்மா மிதந்தது. சபாநடேசனை லைஃப் ஜாக்கெட்டோடு தளத்தில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார் செலஸ்தீனா. கை காலை அசைக்கக் கூடாது. பெரிய பாயை மேலே ஏற்றும் கயிறு மரத்தின் உச்சிவரை போய்த் திரும்பி வருவது. அதன் முனையைத் தையல்நாயகி கணவரின் நெஞ்சு வாரில் மாட்டினார். மறுமுனையை, கயிறு இழுக்கும் வின்ச் உருளையில் நான்கு சுற்றுச் சுற்றி, கைப்பிடியை இரண்டு கைகளாலும் சுழற்றத் தொடங்கினார்.

"முடியுதா, அக்கா?"

"இவரை முப்பது வருஷமா இழுக்கறேன். இதுல பல்சக்கரமாவது இருக்கு."

கிர்ரக், கிர்ரக் என்று சத்தம். சபாநடேசனின் தோள் எழுந்தது, முதுகு எழுந்தது, கடைசியில் குதிகாலும் தளத்தை விட்டது. அவர் வாழைத்தார் மாதிரி அந்தரத்தில் தொங்கினார். காற்று இதமாக இருந்தது. இவ்வளவு உயரத்திலிருந்து தன் படகை அவர் பார்த்ததில்லை. அழகாகத்தான் இருந்தது.

"இப்ப நான் பேசலாமா?"

"தூக்கியாச்சுல்லா. பேசுங்க."

"எல்லாம் ஆச்சு, டீச்சர். இன்னும் மூணு நாள்தான் இருக்கு. இப்பவாவது சொல்லுங்க. தயாரா? கிளம்பலாமா?"

செலஸ்தீனா பிளாஸ்க்கைத் திறந்து தனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டார்.

"தொங்கிக்கிட்டு என்கிட்ட என்னத்துக்குக் கேக்கீங்க, அண்ணாச்சி? கயிறு யார் கையில இருக்கோ, அவங்கட்ட கேளுங்க."

சபாநடேசன் மனைவியைப் பார்க்கத் திரும்பினார். ஆனால் கயிறு எதிர்ப்பக்கமாக முறுக்கிக்கொண்டு அவரைக் கடலின் பக்கம் திருப்பியது. அது முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. மெல்ல மெல்ல துறைமுகம் வந்தது, கலங்கரை விளக்கம் வந்தது, பாய்மரம் வந்தது, அப்புறம் தையல்நாயகி வந்தார். முடி கலைந்து, ஈரத்தொப்பியோடு, இரண்டு கைகளிலும் கயிற்றைப் பிடித்தபடி.

கரைக்குத் திரும்பியதும் சபாநடேசன் அடுப்புக்கு மேலிருந்த கரும்பலகையைத் துடைத்தார். சாக்பீஸைத் தையல்நாயகியிடம் கொடுத்தார்.