நான்கு பெயர் கொண்ட நாய்

ஒரு காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓர் ஆறு ஓடியது. அந்த ஆற்றின் நடுவே ஒரு திட்டு. திட்டின்மேல் நான்கே வீடுகள். அங்கே ஒரு நாய் இருந்தது. அதன் பெயர் என்ன என்று உடனே கேட்டுவிடாதீர்கள், குழந்தைகளே. வம்பே அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

கிழக்கு வீட்டுச் சென்னம்மாள் அதை ராசா என்று கூப்பிடுவாள். தெற்கு வீட்டு முனிரத்தினத்துக்கு அது டைகர். மேற்கு வீட்டுப் பச்சியம்மாளுக்குக் கருப்பன். வடக்கு வீட்டுக் கோவிந்தனுக்குப் பாண்டி. நான்கு பெயருக்கும் அது வாலை ஆட்டும். காலையில் ராசாவாகக் களி தின்னும். உச்சிப்பொழுதில் டைகராக மீன்தலை கடிக்கும். சாயங்காலம் கருப்பனாகப் பழைய சோறு, விளக்கு வைத்ததும் பாண்டியாகக் குழம்புச் சோறு. உடம்பு கொழுகொழுவென்று இருந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

சென்னம்மாளின் வேலியோரம் ஒரு வெள்ளாடு கட்டிக் கிடந்தது. முனகுவதே அதன் பிழைப்பு. கயிறு குட்டை என்று முனகும், தழை காய்ந்துவிட்டது என்று முனகும். நாய் அதன் எதிரே போய், வேண்டுமென்றே கழுத்தை நீட்டிக் காட்டும்.

"பார்த்தாயா, என் கழுத்தில் கயிறே கிடையாது. நான்கு வீடும் என் வீடு. உனக்கோ ஒரே வீடு, அதிலும் வேலியோரம்."

ஆடு அசைபோட்டபடியே, "அது சரி, ராத்திரி எந்த வீட்டில் படுப்பாய்?" என்று கேட்டது.

"நடுவில் இருக்கும் புங்கமரத்தடியில். ஒரு வீட்டு வாசலில் படுத்தால் மற்ற மூன்று பேரும் கோபித்துக்கொள்வார்களே" என்றது நாய்.

உண்மையைச் சொல்லட்டுமா? அந்த மரத்தடி நாய்க்குப் பிடிக்கவே பிடிக்காது. நான்கு வீட்டுக் கதவிடுக்கிலும் வெளிச்சம் தெரியும். உள்ளே பேசுவதும் சிரிப்பதும் காதில் விழும். மழை பெய்தால்கூட உள்ளே வா என்று யாரும் கூப்பிட்டதில்லை. கெட்ட மனசு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் படுத்திருக்கும் என்றுதான் நான்கு பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த நாய்க்குப் பெயரே வைக்காத ஆள் ஒருவன் உண்டு. அவன் மாதையன். அக்கரையில் தனியாளாகக் குடிசை போட்டு, பரிசலில் வந்து மீன் பிடிப்பவன். நாய் கிட்டே வந்தாலே துடுப்பை ஓங்குவான். மூங்கிலில் பின்னித் தார்ப்பாய் போர்த்திய பரிசலாயிற்றே, நகம் பட்டால் அடி கிழிந்துவிடும் என்று அவனுக்குப் பயம். ஒரு பருக்கை சோறு போட்டவன் இல்லை.

ஒருநாள் காலையில் ஆற்றின் நிறம் மாறியது. செம்மண் கரைத்த தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு வந்தது. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள், எல்லோரும் உடனே அக்கரைக்குப் போய்விடுங்கள் என்று ஒலிபெருக்கி கத்தியது. நான்கு வீட்டாரும் தட்டுமுட்டுச் சாமான்களை வாரிக்கொண்டு அவரவர் பரிசலுக்கு ஓடினார்கள்.

கட்டிக் கிடந்த ஆட்டைச் சென்னம்மாள் மறக்கவில்லை. முனகிக்கொண்டே அதுவும் பரிசல் ஏறியது. பின்னாலேயே நாய் காலை எடுத்து வைத்தது. சென்னம்மாள் அதன் தலையைத் தடவி, இங்கே இடமில்லை, நகம் பட்டால் கிழிந்துவிடும், நீ முனிரத்தினத்தோடு வா ராசா என்று அன்பாகத்தான் சொன்னாள். நாய் முனிரத்தினத்திடம் ஓடியது. அவனும் தடவிக் கொடுத்துப் பச்சியம்மாளிடம் அனுப்பினான். பச்சியம்மாள் கோவிந்தனைக் கைகாட்டினாள். வடக்குத் துறைக்கு நாய் மூச்சிரைக்க ஓடியபோது கோவிந்தனின் பரிசல் பாதி ஆற்றில் இருந்தது. பாண்டி எப்போதோ வேறு பரிசலில் போயிருப்பான் என்று அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாய் நான்கு வாசலுக்கும் போய்ப் பார்த்தது. நான்கும் பூட்டிக் கிடந்தன. சோறு வைக்கும் தட்டுகள் மட்டும் கவிழ்ந்து கிடந்தன. அது இதுவரை ஒருநாளும் அப்படி அழுததில்லை.

புங்கமரத்தில் ஒரு காகம் இருந்தது. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடும் காகம். "உன்னை மறந்துவிட்டார்கள்" என்றது.

"ஒரு வீடு மறந்தால் என்ன? இன்னும் மூன்று வீடு இருக்கிறதே" என்றது நாய்.

"அந்த மூன்று வீடும் அப்படித்தான் நினைத்திருக்கும்."

காகமும் பறந்து போய்விட்டது. அதற்கு இறக்கை இருந்தது, அதைக் குறை சொல்லி என்ன பயன்? தண்ணீர் முதலில் மரத்தடிக்கு வந்தது. பிறகு நாயின் வயிற்றைத் தொட்டது. இனி நின்றால் பிழைக்க முடியாது என்று தெரிந்ததும் அது ஆற்றில் இறங்கி நீந்தியது.

அக்கரையில் நான்கு பரிசல்களும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, கூப்பிடு தூரத்துக்குள் நான்கு இடங்களில் ஒதுங்கியிருந்தன. நான்கு குடும்பத்தாரும் ஈரத் துணியோடு அங்கங்கே நின்றார்கள். தண்ணீரில் ஒரு கறுப்புத் தலை தெரிந்தபோதுதான், நாய் யாரோடும் வரவில்லை என்பது அவர்களுக்குப் புரிந்தது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ராசா என்ற குரல் கேட்டதும் நாய் அந்தப் பக்கம் திரும்பியது. அதற்குள் டைகர் என்று கேட்டது. அந்தப் பக்கம் நீந்தியது. கருப்பா என்றது ஒரு குரல், பாண்டி என்றது இன்னொரு குரல். எல்லாம் பழகிய குரல்கள். எதை விட்டுவிட்டு எதற்குப் போகும், பாவம்? நடு ஆற்றிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. கால்கள் ஓய்ந்தன. தலை ஒருமுறை முங்கி எழுந்தது.

கரையில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த மாதையன் எழுந்து வந்து, அத்தனை பேரையும் அதட்டி வாயை மூடச் சொன்னான். "யாரோட நாய் அது? அந்த ஆளு என்கூடப் பரிசல்ல ஏறட்டும். தண்ணி இறைக்க ஒரு கை வேணும்."

சென்னம்மாள் முனிரத்தினத்தைப் பார்த்தாள். முனிரத்தினம் பச்சியம்மாளைப் பார்த்தான். பச்சியம்மாள் கோவிந்தனைப் பார்த்தாள். கோவிந்தன் ஆற்றைப் பார்த்தான்.

மாதையன் துடுப்பைக் கையில் எடுத்தான்.

"சரி. அப்போ என் நாய்" என்று சொல்லிவிட்டுப் பரிசலைத் தள்ளினான்.

தண்ணீரில் இப்போது ஒரே ஒரு குரல் கேட்டது. "இங்கே வாடா" என்றது அது. அதில் பெயர் எதுவும் இல்லை. நாய் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டி அந்தக் குரலை நோக்கி நீந்தியது. மாதையன் அதன் பிடரியைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டான். அவன் இத்தனை நாள் பயந்தபடியே நகம் பட்டுப் பரிசலின் அடி கிழிந்தது. கிழிசலைக் குதிகாலால் அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்துத் துடுப்புப் போட்டான். வெகுதூரம் தள்ளிப் போய்க் கரை சேர்ந்தார்கள். அன்று அவன் நாயைத் திட்டவே இல்லை.

ஆறாம் நாள் வெள்ளம் வடிந்தது. நான்கு குடும்பமும் திட்டுக்குத் திரும்பின. வெட்கமோ வருத்தமோ, நான்கு பேரும் தட்டு நிறையச் சோறு வைத்து, அக்கரையைப் பார்த்து ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். குடிசை வாசலில் படுத்திருந்த நாய் காதை நிமிர்த்தியது. வாலும் ஆடியது, பழகிய குரல் அல்லவா? ஆனால் எழுந்திருக்கவில்லை. சோற்றைக் காகம் தின்றது.

சில நாள் கழித்து மாதையன் மீன் பிடிக்கத் திட்டுக்கு வந்தபோது, பரிசலில் ஒரு சாக்கை மடித்துப் போட்டிருந்தான். அதன்மேல் நாய் உட்கார்ந்து வந்தது. இறங்கியதும் நேரே வெள்ளாட்டின் எதிரே போய், முன்போலவே கழுத்தை நீட்டிக் காட்டியது.

கழுத்தில் பழைய வலைக்கயிறு ஒன்று கட்டியிருந்தது. ஆடு அதை வெகுநேரம் பார்த்தது. அன்று அது எதற்கும் முனகவில்லை.

நீதி: கொஞ்சுவதற்கு நாலு பேர் இருந்தால் போதாது, ஆபத்தில் 'இது என்னுடையது' என்று சொல்ல ஒருவர் வேண்டும்.