ஒரு சொட்டுப் படக்கூடாது

சென்னப்பட்டணத்துக்குத் துறைமுகம் இல்லாத காலம் அது. கப்பல்கள் எட்டவே நின்றுவிடும். அங்கிருந்து மூன்று வரிசை அலைகளைத் தாண்டி ஆட்களைக் கரைசேர்க்க, கயிற்றால் தைத்த படகோடு தேசப்பனும் அவன் கூட்டாளிகளும்தான் வரவேண்டும்.

அன்று கடல் வெறிபிடித்துக் கிடந்தது. சீமையிலிருந்து புதிதாக வந்த துரை அதற்குமேல். பட்டுச் சட்டையும் இறகுத் தொப்பியுமாகப் படகில் இறங்கியவர், சவுக்கைச் சொடுக்கினார்.

"என்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் ஆளுக்குப் பன்னிரண்டு அடி!"

துடுப்புக்காரர்கள் தேசப்பனைப் பார்த்தார்கள். அவன் கும்பிட்டான். "உத்தரவு, தொரை."

அலை உடையும் இடத்துக்குச் சற்று முன்னாலேயே படகை நிறுத்திவிட்டான். அங்கே தண்ணீர் தெறிக்காது. ஆட்டம் மட்டும் உண்டு. இரண்டு மணி நேரம் ஆடினார்கள். துரை குடலே வெளியே வருமளவுக்கு வாந்தியெடுத்தார்.

"ஏன்டா நிற்கிறாய்?"

"இதுக்கு அப்பால போனா நனைஞ்சிடுவீங்க தொரை. காத்து அடங்க நாலு நாள் ஆவும். ஒங்க உத்தரவ மீற எங்களுக்கு ஏது துணிச்சல்?"

"நனைந்தாலும் பரவாயில்லை, போ!"

"கடல் எரைச்சல்ல காதுல விழல."

துரை பலகையைப் பிடித்து எழுந்து, கரையில் நின்ற கூட்டத்துக்கே கேட்கும்படி அலறினார்: "நனைத்தே கொண்டு போடா!"

கூட்டாளிகள் பாட்டெடுத்தார்கள். படகு மூன்று அலையையும் ஏறி மிதித்து வந்தது. மழையில் நனைந்த கோழியாக மணலில் கிடந்த துரையின் முன்னால் தேசப்பன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"உத்தரவுப்படியே நனைச்சாச்சு தொரை. ஒரு சொட்டும் கொறையல."